புதுப்பிப்பு: பலேனோ அலாய் வீல், வெல்டிங்கா மாற்றமா?

பள்ளத்தில் அடிபட்டு வளைந்த என் பலேனோ காரின் 16 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை) வீலை நிமிர்த்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. வளைவு மட்டும் என்றால் சூடாக்கி ஹைட்ராலிக் ஜாக்கில் நிமிர்த்தியிருக்கலாம். ஆனால் சோப்புத் தண்ணீர் தடவியதும் உள்பக்க விளிம்பில் குமிழி; டயரைக் கழற்றினால், பீட் (டயரின் உள்விளிம்பு) உட்காரும் இடம்வரை மயிரிழை விரிசல். அங்கே வெல்டிங் வேண்டவே வேண்டாம். வார்ப்பு அலுமினியத்துக்குத் தொழிற்சாலையில் ஏற்றிய பதம் (உறுதி) அந்தச் சூட்டில் இறங்கிவிடும், பற்றவைத்த கோட்டை ஒட்டியே மறுபடி விரியும்.

புது வீலுக்குப் பிசிடி 4×100 (நான்கு போல்ட்டுகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர்) சரியாக இருந்தால் போதும் என்பார்கள் கடையில். போதாது. நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர், அதைவிடப் பெரிதென்றால் ஹப் ரிங் (அந்த இடைவெளியை நிரப்பும் வளையம்) போட வேண்டும். இல்லையேல் வீல் நடுவில் உட்காராமல் வேகத்தில் ஸ்டியரிங் உதறும், எத்தனை முறை பாலன்சிங் செய்தாலும் தீராது. ஆஃப்செட்டை (வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) பழைய வீலின் பின்பக்கம் 'ஈடி' என்ற குறியோடு உள்ள எண்ணில் பாருங்கள்.

நட்டு எம்12 (12 மில்லிமீட்டர் மரை), 1.25 பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்). 1.5 நட்டை ஏர் கன்னால் ஏற்றினால் ஸ்டட்டின் (நட்டு ஏறும் போல்ட்) மரை போச்சு! முதலில் கையால் முடுக்கி, குறுக்குவாட்டில் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்கவும். அலைன்மென்ட்டுக்கு முன் லோயர் ஆர்மும் (வீலைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.