ஸ்லீப் 'நெவர்' என்று வைத்தும் தராசின் முதல் எடை வருவதில்லை, உதவி தேவை

தக்காளி மண்டி:
பாலக்கோட்டில் மண்டி வைத்திருக்கிறோம். எலக்ட்ரானிக் தராசிலிருந்து யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் வழியாக லேப்டாப்புக்கு எடை வரும். விண்டோஸ் 10. காலையில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடந்து அடுத்த லோடு வந்தால் முதல் எடை வராது, வந்தாலும் கிறுக்கல் எழுத்தாக வரும். ஒயரைப் பிடுங்கிச் செருகினால் சரி. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போதுதான் இது அதிகம். ஸ்லீப் 'நெவர்'தான், திரைகூட அணைவதில்லை. தராசில் ஒரு எடை, திரையில் வேறு ஏதோ என்றால் எதிரே நிற்கும் விவசாயி என்ன நினைப்பார்?

ஊத்தங்கரை:
கன்வர்ட்டரை மாத்துங்க. இல்லன்னா விண்டோஸைப் புதுசா போடுங்க.

தக்காளி மண்டி:
கன்வர்ட்டர் மாற்றியாச்சு அண்ணா, அதேதான். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் பில் கணக்கு என்னாவது?

ஓசூர் சர்வீஸ்:
விண்டோஸைத் தொடாதீங்க. ஸ்லீப் அமைப்பு முழுக் கம்ப்யூட்டருக்கானது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக ஒரு மின்நிலை உண்டு: டி0 என்றால் முழு விழிப்பு, டி3 என்றால் ஏறக்குறைய அணைந்த நிலை. கம்ப்யூட்டர் விழித்திருக்கும்போதே கன்வர்ட்டர் மட்டும் டி3-க்குப் போகலாம். 1996-இல் வந்த ஏசிபிஐ என்ற மின்மேலாண்மை விதிமுறைக்குப் பிறகு இந்த முடிவு பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) கையிலிருந்து விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் கைக்கு வந்துவிட்டது.

உங்கள் பில் மென்பொருள் எடை கேட்கும்போது மட்டும் போர்ட்டைத் திறந்து மூடுகிறது என்று நினைக்கிறேன். மூடியிருக்கும் நேரத்தில் டிரைவர், அதாவது கன்வர்ட்டரை இயக்கும் மென்பொருள், 'இதற்கு வேலையில்லை' என்று கன்வர்ட்டரைத் தூங்க வைக்கிறது. இதற்குப் பெயர் செலக்டிவ் சஸ்பெண்ட். யூஎஸ்பி 2.0-இல் சாதாரணமாக 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம், தூக்கத்தில் 2.5-ஐத் தாண்டக் கூடாது. எழுப்பும்போது வேகம் போன்ற அமைப்புகளை டிரைவர் மறுபடி ஏற்ற வேண்டும். சில கன்வர்ட்டர், டிரைவர் ஜோடிகள் இதில் சொதப்பும். கிறுக்கல் எழுத்து வருவது அதனால்தான் இருக்கும்: தராசு ஒரு வேகத்தில் அனுப்புகிறது, கன்வர்ட்டர் வேறு வேகத்தில் படிக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப், பவர் மேனேஜ்மென்ட் தாவல், அங்கே மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

தக்காளி மண்டி:
அந்தத் தாவலே இல்லையே சார்.

ஓசூர் சர்வீஸ்:
அப்படியானால் உங்களுடையது மாடர்ன் ஸ்டாண்ட்பை வகை, அதாவது தூங்கும்போதும் உள்ளே லேசாக விழித்தே இருக்கும் லேப்டாப்பாக இருக்கும். அவற்றில் அந்தத் தாவலை மறைத்திருப்பார்கள். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பிளானின் அட்வான்ஸ்டு அமைப்பில் யூஎஸ்பி செட்டிங்ஸ், அதற்குள் செலக்டிவ் சஸ்பெண்டைத் திறங்கள். பேட்டரிக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று என இரண்டு வரி இருக்கும். இரண்டும் 'டிஸேபிள்டு' ஆகட்டும்.

தக்காளி மண்டி:
இருந்தது சார்! பிளக்கில் டிஸேபிள்டு, பேட்டரியில் எனேபிள்டு. கரண்ட் போனால் ஏன் அதிகம் என்று இப்போதுதான் புரிகிறது. மாற்றிவிட்டேன். இன்று காலை கரண்ட் இல்லாதபோதும் சும்மா கிடந்த பிறகு முதல் எடை சரியாக விழுந்தது. பேட்டரி சீக்கிரம் தீருமா?

ஓசூர் சர்வீஸ்:
கொஞ்சம் கூடுதலாகப் போகும், பெரிதாகத் தெரியாது. திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், அதில்தான் மிச்சம் அதிகம்.

காரிமங்கலம் பில்லிங்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. கன்வர்ட்டருக்குள் தனி சீரியல் எண் இல்லையென்றால், வேறு துளையில் செருகியதும் விண்டோஸ் புது காம் போர்ட் எண் (சீரியல் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துவிடும், பில் மென்பொருள் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள்.

தக்காளி மண்டி:
சரிங்க அண்ணா. அந்தத் துளைக்குப் பக்கத்தில் பெயின்ட் பொட்டு வைத்துவிட்டேன், கடைப் பையனும் மாற்றிச் செருக மாட்டான்.