5 வருஷ ட்ரெக்கிங் பூட்ஸ், சோல் கழன்று தொங்குது. ஒட்டலாமா? புதுசு என்றால் எதைப் பார்த்து வாங்குறது?

குன்றேறி (கேள்வி)
வணக்கம். அக்டோபர் கடைசியில் கர்நாடகாவில் குக்கே சுப்ரமண்யா வழியா குமார பர்வதம் மலை ஏறப் போறோம். இன்னும் 5 வாரம் இருக்கு. என்கிட்ட இருக்கிறது கணுக்கால் மூடும் பூட்ஸ், யூ.கே. 7. வாங்கி 5 வருஷம் ஆச்சு, போட்டது நாலே தடவை. மற்ற நேரமெல்லாம் சென்னையில், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நேற்று எடுத்துப் போட்டு மாடிப்படி இறங்கினேன், இடது சோல் குதிகால் பக்கம் கழன்று தொங்குது. வலதுல ஒண்ணும் தெரியலை. ஒட்டினா ரெண்டு நாள் தாங்குமா? பை 9 கிலோ வரும். இதே பூட்ஸில் முன்னாடி ஒரு இறக்கத்தில் ரெண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போச்சு. புதுசு வாங்கினா அந்தத் தொல்லையும் தீரணும்.

தோல்பட்டறை
பசை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. தரையைத் தொடும் கறுப்பு ரப்பருக்கும் மேல்தோலுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு அடுக்கு இருக்கும், அதுதான் மிட்சோல். கழன்ற இடத்தில் அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்க. உதிருதா, பிசுபிசுன்னு ஒட்டுதா, இல்லை பழையபடி எழும்பி வருதா? வலது பூட்ஸிலும் பக்கவாட்டில் அதே மாதிரி அழுத்திப் பாருங்க, மெல்லிசா வெடிப்பு ஓடியிருக்கலாம்.

குன்றேறி
இடதுல நகம் பட்டதுமே பழைய ரொட்டி மாதிரி பொலபொலன்னு கொட்டுது. ரப்பரில் ஒட்டியிருக்கிற துண்டைக் கசக்கினா மஞ்சள் தூளா விரலில் அப்பிக்குது. வலதுல வளைவுப் பகுதியில் முடி அளவு கோடு மூணு நாலு இருக்கு.

தோல்பட்டறை
அப்போ ரெண்டையும் தூக்கிப் போட்டுடுங்க. இது பசை விட்டுப்போன கேஸ் இல்லை. பாலியூரித்தேன், சுருக்கமா பி.யு., என்கிற நுரையால் செய்த மிட்சோல் இது. காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில் இது வேகமா நடக்கும். நடக்கும்போது நுரை அமுங்கி விரிந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், அதனால் அடிக்கடி போடும் ஷூ அதிக நாள் உழைக்கும். மூடின பெட்டியில் ஈரத்துக்குப் போக்கிடமே கிடையாது. உதிரும் நுரைமேல எந்தப் பசை தடவினாலும் அது தூளைத்தான் பிடிச்சுக்கும். நீங்க மாடிப்படியிலேயே பார்த்தது பெரிய அதிர்ஷ்டம். குமார பர்வதம் 1712 மீட்டர். குக்கேயிலிருந்து ஏற்றம் ஏறத்தாழ 1600 மீட்டர், அத்தனையும் திரும்ப இறங்கணும். பாதி வழியில் சோல் போனா கால் போன மாதிரிதான்.

மழைத்தூறல்
இடையில் ஒரு சந்தேகம். என் ஷூவில் மிட்சோல் அழுத்தினா நல்லா எழும்புது, உதிரலை. முன்பக்கம் மட்டும் ரெண்டு அங்குலம் வாய் பிளந்திருக்கு. இதை ஒட்டலாமா?

தோல்பட்டறை
தாராளமா ஒட்டலாம். உள்ளே இருக்கிற பழைய பசையை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் ரெண்டு பக்கமும் தேய்ச்சு எடுங்க, பளபளப்பு போகணும். ஸ்பிரிட்டில் துடைச்சுக் காய விடுங்க. செருப்பு தைக்கிறவங்க 'சொல்யூஷன்'னு சொல்ற பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி 10 முதல் 15 நிமிஷம் விடுங்க. விரல் வைச்சா ஒட்டணும், ஆனா பசை விரலோடு வரக்கூடாது. அந்தப் பக்குவத்தில் ரெண்டாவது கோட் கொடுத்து, மறுபடி காய விட்டு, ஒரே அழுத்தா சேர்த்து அழுத்துங்க. சைக்கிள் டியூபைக் கிழிச்சு இறுக்கிச் சுத்தி 24 மணி நேரம் தொடாதீங்க. பெரும்பாலும் ஒட்டினது விட்டுப்போறதுக்குக் காரணம் பசை ஈரமா இருக்கும்போதே சேர்க்கிறதுதான். ஃபெவிக்விக் வகை வேண்டாம். கண்ணாடி மாதிரி இறுகி, விரல் மடியும் இடத்தில் உடையும். சுத்தித் தையல் போடச் சொன்னா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நீர்புகாத ஷூவா இருந்தா ஊசி உள்ளே இருக்கும் சவ்வையும் குத்தும், அதுக்கு அப்புறம் தண்ணி உள்ளே வரும்.

அரையங்குலம்
குன்றேறி, நகம் கறுத்ததுக்கு அளவுதான் காரணம்னு நினைக்கிறேன். சாயங்காலம், ட்ரெக்கில் போடும் அதே சாக்ஸோட, சுவரில் குதிகால் படும்படி காகிதத்தில் ரெண்டு காலிலும் எடையை ஊன்றி நில்லுங்க. எந்த விரல் நீளமோ அதன் நுனிவரை அளந்து சொல்லுங்க. சிலருக்குக் கட்டைவிரலைவிட ரெண்டாவது விரல் நீளமா இருக்கும்.

குன்றேறி
இடது 266 மி.மீ., வலது 262.

அரையங்குலம்
கணக்கு சரியா உட்காருது. யூ.கே. அளவில் ஒரு எண்ணுக்கு மூணில் ஒரு அங்குலம், அதாவது 8.5 மி.மீ. சுமார். யூ.கே. 7க்கான அச்சு, அதாவது ஷூவை வடிக்கும் கால் வடிவக் கட்டை, 271 மி.மீ. உங்க இடது காலுக்கு முன்னால் 5 மி.மீ.தான் மிச்சம். இறக்கத்தில் கால் முன்னே சரியும், நடந்து வீங்கவும் செய்யும், ஒவ்வொரு அடியிலும் நகம் ஷூவை முட்டும். 10 முதல் 12 மி.மீ. இடம் வேணும். யூ.கே. 8ன்னா 279, இடைவெளி 13. ஏழரை கிடைச்சா 275, இடைவெளி 9, கொஞ்சம் குறைச்சல். எட்டிலிருந்து ஆரம்பிங்க. கம்பெனிக்குக் கம்பெனி அச்சு மாறும், அதனால் எண்ணை நம்பாம போட்டுப் பார்த்து வாங்கணும். ஆன்லைனில் வேண்டாம்.

கடையில் முதலில் இன்சோலை, அதாவது ஷூவுக்குள் கிடக்கும் கழற்றக்கூடிய மெத்தையை, வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்க. பாதத்தின் ஓரம் வெளியே வழிஞ்சா அகலம் போதாது, பெரிய எண் வாங்கி அதைச் சரிக்கட்ட முடியாது. அப்புறம் லேஸ் கட்டாம காலை முன்னுக்குத் தள்ளுங்க. குதிகால் பின்னால் ஆள்காட்டி விரல் ஒண்ணு நுழையணும். லேஸ் கட்டி, பையில் எடை போட்டு, படியில் வேகமா இறங்குங்க. விரல் நுனி ஒரு தடவை முட்டினாலும் அது வேண்டாம். குதிகால் லேசா எழும்புறது புது ஷூவில் சகஜம், தோலில் உரசினா ஆகாது.

சோலைக்காடு
ஷூவின் சோல் பத்திச் சொல்லிடுறேன். ஷூவின் முனையையும் குதியையும் பிடிச்சு மடிங்க. விரல் மடியும் இடத்தில் மட்டும் மடியணும், நடுவில் மடிஞ்சா கல்லில் பாதம் வலிக்கும். துணி பிழியுற மாதிரி முறுக்கினா எதிர்க்கணும். அடிப்பல் 4 – 5 மி.மீ. ஆழம், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நல்ல இடைவெளி; நெருக்கமான பல்லில் களிமண் அடைஞ்சா வழுக்கும். வழியில் வரும் சேஷ பர்வதம் தாண்டினதும் சோலைக்காடு, அப்புறம் தண்ணி வழியுற பாறைச் சரிவு. அங்கே பல்லைவிட ரப்பரின் மென்மைதான் பிடிக்கும். நகத்தால் அழுத்தினா கொஞ்சம் அமுங்குற ரப்பர் ஈரப் பாறையில் நிற்கும், கல்லு மாதிரி இருந்தா சறுக்கும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆகணும்.

நீர்புகாத சவ்வு வேண்டாம்னு சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலை மழையில் தண்ணி கால் நுழையுற ஷூவின் மேல்வாய் வழியாத்தான் வரும். உள்ளே போன தண்ணியைச் சவ்வு வெளியே விடாது, நாள் பூரா ஊறின காலோட நடக்கணும்.

தோல்பட்டறை
இந்தப் பாதைக்குச் சரி. ஆனா பனிமேல் நடக்கவும் இதையே வைச்சுக்கணும்னா சவ்வு உள்ளது வேணும், குளிரில் நனைஞ்ச கால் ஆபத்து. மிட்சோல் எதுன்னும் கேளுங்க. இ.வி.ஏ. என்கிற இன்னொரு வகை நுரை பி.யு. மாதிரி உதிராது, லேசா இருக்கும். நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போறவங்களுக்கு இ.வி.ஏ.தான் என் தேர்வு.

குன்றேறி
நன்றி. 5 வாரத்தில் பழக்க முடியுமா? ரத்தம் உறிஞ்சுற அட்டைக்கு என்ன பண்றது?

சோலைக்காடு
துணி, மெல்லிய தோல் கலந்ததுன்னா 5 வாரம் போதும். முழுத் தோல்னா உடனே வாங்குங்க. முதல் வாரம் வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம், கீறல் விழாம இருந்தாத்தான் கடைக்காரர் மாத்திக் கொடுப்பார். அப்புறம் 3 கி.மீ., 6 கி.மீ., கடைசி ரெண்டு வாரம் பையோட மாடிப்படி. எங்கே சூடா உறுத்துதோ அங்கே உடனே நின்னு பிளாஸ்திரி ஒட்டுங்க; கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. பருத்தி சாக்ஸ் ஈரத்தை வைச்சுக்கும், கம்பளி இல்லைன்னா பாலியெஸ்டர் போடுங்க. நகத்தை மூணு நாள் முன்னாடியே நேரா வெட்டிடுங்க. அட்டைக்கு நெருக்கமா நெய்த அட்டை சாக்ஸ், முழங்காலுக்குக் கீழே கட்டுறது. பேன்ட் அதுக்கு உள்ளே போகணும்.

அரையங்குலம்
இறங்கத் தொடங்கும் முன் லேஸை அவிழ்த்து மறுபடி கட்டணும், பலரும் இதைத்தான் விடுறாங்க. குதிகாலை பின்னால் ஒரு தட்டு தட்டி உட்கார வைங்க. மேற்பாதம் மடியும் இடத்தில், கொக்கி தொடங்கும் முன், லேஸை ஒரு சுத்துக்குப் பதில் ரெண்டு சுத்து சுத்தி இழுங்க. அந்த முடிச்சு நகராது, கீழே தளர்வாவும் மேலே இறுக்கமாவும் தனித்தனியா வைச்சுக்கலாம். மேற்பாதம் வலிச்சா வலிக்கிற இடத்தில் மட்டும் குறுக்கே கட்டாம, நேரா அடுத்த துளைக்கு ஏத்துங்க.

தோல்பட்டறை
பையில் வயர் கட்டுற பிளாஸ்டிக் கேபிள் டை நாலு போட்டுக்குங்க. யாருக்காவது சோல் கழன்றா பாதத்தின் உள்வளைவில் கட்டுங்க, அங்கே தரை படாது. டேப் மட்டும் சுத்தினா பாறையில் சீக்கிரமே அறுந்துடும். திரும்பி வந்ததும் இன்சோலை உருவி, செய்தித்தாள் திணிச்சு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாத்தி நிழலில் காய வைங்க. வெயிலும் ஹீட்டரும் பசையை இளக்கும். அப்புறம் காற்றாடும் அலமாரியில் வைங்க. மாசத்துக்கு ஒரு தடவையாவது போட்டு நடங்க.