9 வயதுப் பிள்ளைக்கு ஸ்ட்ரோலர்: கால் மணி நேரத்தில் இடுப்பு நழுவிவிடுகிறது, எதைப் பார்த்து வாங்குவது?

தும்பி

மகளுக்கு 9 வயது, 26 கிலோ. சி.பி. (செரிப்ரல் பால்சி, பெருமூளை வாதம்), இரண்டு காலிலும் விறைப்பு, தொடையின் பின்தசை நல்ல இறுக்கம். கழுத்து நிற்கும், களைத்துப்போனால் தலை ஒரு பக்கம் சாயும். வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து எட்டு வைப்பாள். வெளியே போக இப்போது இருப்பது குடை மாதிரி மடிகிற சாதாரண துணி ஸ்ட்ரோலர். உட்கார வைத்துக் கால் மணி நேரம் ஆவதற்குள் இடுப்பு முன்னால் நழுவுகிறது, முதுகு வளைகிறது, தோள் பெல்ட் கழுத்துக்கு ஏறிவிடுகிறது.

சிறப்புத் தேவைக்கென்றே வரும் ஸ்ட்ரோலர் வாங்கப் போகிறோம். மூன்று சந்தேகங்கள். வளரும் பிள்ளை, ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள் என்கிறார்கள், சரியா? முதுகு மட்டும் சாய்வது, மொத்த சீட்டும் சாய்வது என்று இரண்டு வகை இருக்கிறதே, எது எடுப்பது? பள்ளி வேனில் அதில் உட்கார்ந்தபடியே போகலாமா?

இயன்முறை

முதலில் அந்தக் கழுத்து பெல்ட். மூச்சையே அடைக்கக்கூடிய ஆபத்து அது. புதியது வரும்வரை அந்த ஸ்ட்ரோலரில் அவளைக் கண் பார்வையை விட்டு வைக்காதீர்கள். மாட்டும்போது எப்போதும் இடுப்பு பெல்ட் முதலில், தோள் பெல்ட் பிறகு. கழற்றும்போது தோள் முதலில், இடுப்பு கடைசியில்.

நழுவுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று துணி சீட். அது தூளி மாதிரி நடுவில் தொய்வதால் இரண்டு தொடையும் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், இடுப்பெலும்பு ஒரு பக்கம் சரியும், முதுகும் அதன் பின்னாலேயே கோணும். அடியில் கெட்டியான பலகை, அதன்மேல் குஷன் என்று வரும் சீட்டாகவே எடுங்கள்.

இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை: ஃபுட்ரெஸ்ட். தொடையின் பின்தசை உட்காரும் எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே போய் முடிகிறது. ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருந்தால் முழங்கால் நீளும். இறுகிய தசை நீளாது; அதற்குப் பதில் இடுப்பை முன்பக்கம் இழுத்துவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். பெஞ்சில் நேராக உட்கார வைத்து, ஒரு குதிகாலை மெதுவாக முன்னால் தூக்குங்கள். எந்த இடத்தில் இடுப்பு பின்னால் உருளத் தொடங்குகிறதோ அதுதான் அவள் முழங்காலின் எல்லை. ஃபுட்ரெஸ்ட் அதற்கு உள்ளே இருக்க வேண்டும். இவ்வளவு இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்குப் பாதம் முழங்காலுக்கு நேர் கீழே, சிலருக்குச் சற்றுப் பின்னாலும் வரவேண்டியிருக்கும். ஃபுட்ரெஸ்ட்டின் உயரம் மட்டுமல்ல, கோணமும் மாற்ற முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். காலை மேலே தூக்கி நீட்டிவைக்கும் வகை வசதியாகத் தெரியும். உங்கள் மகளுக்கு அது ஆகாது.

இடுப்பு பெல்ட் வயிற்றைச் சுற்றி வரக்கூடாது. இடுப்பின் முன்னால் இரண்டு பக்கமும் துருத்தும் எலும்புக்குக் கீழே, தொடை மடியும் இடத்தில், சீட்டுக்கு 45 முதல் 60 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைந்தால் போதும். தொடைகளுக்கு நடுவே வைக்கும் கட்டை கால்களை விலக்கி வைக்கத்தான். நழுவாமல் தடுக்க அதை நம்பினால் கவட்டையில் அழுந்திப் புண்ணாகும்.

சாய்வைப் பொறுத்தவரை, உங்களுக்கு டில்ட், அதாவது மொத்த சீட்டும் சாய்வது. அதில் இடுப்பின் மடிப்புக் கோணம் மாறாது, எடை மட்டும் முதுகுக்குப் போகும். களைத்த தலைக்கும் ஓய்வு. முதுகு மட்டும் சாயும் ரிக்ளைனில் இடுப்பு விரியும், விரிந்தால் விறைப்பு கிளம்பும், உடம்பு நீண்டு நழுவும். மறுபடி நிமிர்த்தும்போது பக்கவாட்டுத் தாங்கிகளும் ஹெட்ரெஸ்ட்டும் வேறு இடத்தில் நிற்கும். டயப்பர் மாற்ற ரிக்ளைன் உதவும்தான். நிமிர்த்திய பிறகு இடுப்பைப் பின்னால் தள்ளி, பெல்ட்டைப் புதிதாக மாட்ட வேண்டும். சாப்பாடு ஊட்டும்போது எந்தச் சாய்வும் வேண்டாம். நிமிர்ந்து, தாடை சற்று உள்ளே இருக்கட்டும்.

அளவு பெரிதாக வாங்காதீர்கள். சீட்டின் ஆழம் கூடினால் அதன் விளிம்பு கெண்டைக்காலில் இடிக்கும். காலை மடிக்க அவளே முன்னால் நகர்ந்துவிடுவாள். அகலம் கூடினால் ஒரு பக்கம் சாய்வாள். ஆழமும் முதுகு உயரமும் கூட்டக்கூடிய ஃபிரேமாக எடுத்து, இன்றைய அளவு அதன் குறைந்தபட்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும்படி பாருங்கள்.

அளக்க: கெட்டியான பெஞ்ச், இடுப்பும் முழங்காலும் 90 டிகிரி, காலில் ஷூவோ ஏ.எஃப்.ஓ.வோ (கணுக்காலையும் பாதத்தையும் பிடித்துவைக்கும் தாங்கி) எது வழக்கமோ அதோடு. ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க. பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை எடுத்து 3 செ.மீ. கழித்தால் சீட் ஆழம். இடுப்பின் அகன்ற இடத்தோடு 2 அல்லது 3 செ.மீ. கூட்டினால் அகலம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் அடிவரை ஃபுட்ரெஸ்ட். இரண்டு காலையும் தனித்தனியாக அளங்கள்.

சக்கரம்

வேன் விஷயம் நான் சொல்றேன். எல்லா ஸ்ட்ரோலரையும் வண்டிக்குள்ள சீட்டா பயன்படுத்த முடியாது. ஐ.எஸ்.ஓ. 7176-19 அல்லது டபிள்யூ.சி.19 சோதனையில் தேறினதான்னு கையேட்டுல பாருங்க. மணிக்கு சுமார் 48 கி.மீ. வேகத்துல நேருக்கு நேர் மோதுற சோதனை அது. தேறின ஃபிரேம்ல, ஸ்ட்ரோலரை வண்டித் தரையோட கட்டுற பட்டை மாட்டுறதுக்குன்னு முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு இடத்துல கொக்கி அடையாளம் இருக்கும். பட்டையை அங்கதான் மாட்டணும், சக்கரத்துலயோ ஃபுட்ரெஸ்ட்லயோ மாட்டவே கூடாது. பிள்ளை வண்டி போற திசையைப் பார்த்து உட்காரணும். ஸ்ட்ரோலரோட தோள் பெல்ட் நிமிர்ந்து உட்கார வைக்க மட்டும்தான். மோதலுக்கு வண்டியோட தனி மூன்றுமுனை பெல்ட் வேணும்.

கையேட்டுல ரெண்டு எடை வரம்பு இருக்கலாம், வண்டிக்குள்ள உள்ளது குறைவா இருக்கும். அதையும் பாருங்க. உங்க பொண்ணைத் தூக்கி மாத்த முடியும்னா, 26 கிலோவுக்கு ஏத்த ஹார்னஸ் உள்ள கார் சீட்ல உட்கார வச்சு, ஸ்ட்ரோலரை மடிச்சுக் கட்டி வைக்கிறதுதான் பாதுகாப்பு.

இன்னொண்ணு. விளம்பரத்துல போடுற எடை சில சமயம் வெறும் ஃபிரேம் எடைதான். சீட், ஹெட்ரெஸ்ட், தாங்கி எல்லாம் சேர்த்து எவ்வளவு, மடிச்ச அளவு என்ன, சீட்டைத் தனியா கழற்றித்தான் மடிக்கணுமான்னு கேளுங்க. தினமும் தூக்கி வைக்கிறவர் யாரோ அவரே ஒரு தடவை தூக்கிப் பார்க்கணும். கைப்பிடியில பை மாட்டாதீங்க: சீட் சாய்ஞ்சிருக்கிற நேரத்துல பிள்ளையோட பின்பக்கமா கவிழ்றது பெரும்பாலும் அதனாலதான். பின்னால கவிழ்-தடுப்புச் சக்கரம் இருக்கட்டும். கரடுமுரடான பாதைன்னா பின்சக்கரம் 12 அங்குலத்துக்குக் குறையாம, முன்சக்கரம் பூட்டுற வசதியோட எடுங்க. காத்து டயர் அதிர்வை நல்லா வாங்கும், ஆனா பஞ்சர் ஆகும்.

மூங்கில்

ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அவள் கைகளுக்குச் சக்கரத்தைத் தள்ளும் வலு இருக்கிறதா? கொஞ்சம் இருந்தாலும் சக்கர நாற்காலியையும் பிசியோவிடம் பேசிப் பாருங்கள். ஸ்ட்ரோலரில் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பவர் தள்ளுபவர்தான். 9 வயதுப் பிள்ளைக்கு அந்தத் தீர்மானம் தன் கையில் இருப்பது சின்ன விஷயமில்லை. நீண்ட தூரத்துக்கு ஸ்ட்ரோலர், பள்ளிக்குள் நாற்காலி என்று பிரித்துக்கொள்ளலாம்.

தும்பி

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டோம். இடுப்பு அகலம் 25 செ.மீ. முழங்கால் மடிப்பு வரை வலது 35, இடது 33. குதிகால் வரை 31. இடது வலது வித்தியாசத்துக்கு எதை எடுப்பது? குதிகாலைத் தூக்கிப் பார்த்தோம், கொஞ்சம் தூக்கியதுமே இடுப்பு உருளுகிறது.

இயன்முறை

கொஞ்சம் தூக்கியதுமே என்றால் பாதம் முழங்காலுக்கு நேர் கீழே, அதற்கு முன்னால் வேண்டாம். அகலம் 27 அல்லது 28 எடுக்கலாம்.

2 செ.மீ. வித்தியாசத்தை அப்படியே விடாதீர்கள். இடுப்பின் இரண்டு முன் எலும்பும் ஒரே நேரில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு மறுபடி அளங்கள். வித்தியாசம் மறைந்தால் முன்பு இடுப்பு திரும்பியிருந்தது என்று அர்த்தம். மறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டி, இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுத்தது என்று பாருங்கள். சி.பி. உள்ள பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலை மூட்டிலிருந்து மெல்ல விலகுவது உண்டு. தொடக்கத்தில் வலி இருக்காது; தொடை குட்டையாகத் தெரிவது ஓர் அறிகுறி. சீட் ஆர்டர் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். வித்தியாசம் உண்மை என்றால் குட்டைப் பக்கத்துக்கு 30, மறுபக்கத்துக்கு 32 என்று குஷனை முன்னால் வெட்டித் தரச் சொல்லலாம். இரண்டு பக்கமும் 32 வைத்தால் இடது கெண்டைக்கால் இடித்து, இடுப்பு மறுபடி திரும்பும்.

கடையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து முடிவெடுக்க வேண்டாம். 40 நிமிடமாவது உட்கார வையுங்கள். இறக்கியதும் வால் எலும்பு, உட்காரும் எலும்பு, முழங்காலின் பின்புறம், பெல்ட் பட்ட இடம் எல்லாம் பாருங்கள். அழுந்திய தடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மாறாமல் இருந்தால் அந்த அமைப்பு அவளுக்குச் சரியில்லை. தடம் எந்த இடம் என்று குறித்துக்கொண்டு பிசியோவிடம் காட்டுங்கள்.