ரெட்ரீவ்னா நாயா போட்டோவா

செல்வி அத்தை: ஏம்ப்பா யாராச்சும் முழிச்சிருக்கீங்களா, அப்பா அம்மா எண்பதாம் கல்யாண போட்டோ பூராம் போன்ல காணோம், பேரப்பய கேம் வெளாட வாங்குனான் எதை அமுக்குனானோ தெரியல, கடைக்காரர் ரெட்ரீவ் பண்ணிரலாம் 1500 ஆகும்ங்கிறாரு

செல்வி அத்தை: அதென்ன ரெட்ரீவ், கார்த்தி வீட்டு நாய் பேருல்ல அது

கார்த்தி: 😂😂 நாய் பேரு ஜிஞ்சர் அத்தை, ஜாதிதான் கோல்டன் ரெட்ரீவர். காசு குடுத்துறாதீங்க, சாப்ட்டு வந்து சொல்றேன்

பெரியப்பா: ரெண்டும் ஒரே சொல்லுதான்மா. பழைய பிரெஞ்சு. ட்ரூவேன்னா கண்டுபிடிக்கிறது, முன்னாடி ரெ போட்டா மறுபடி கண்டுபிடிக்கிறது. 15ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்தப்ப வேட்டைக்காரங்க பேச்சு அது, கலைஞ்சு ஓடி புதருக்குள்ள பதுங்குன பறவைய நாய் மோப்பம் பிடிச்சு திரும்பவும் கண்டுபிடிக்கும்ல, அதுக்குத்தான் சொன்னாங்க. கவ்விட்டு வந்து கையில குடுக்கிறதெல்லாம் பின்னாடி ஒட்டிக்கிட்ட அர்த்தம்

திவ்யா: அப்ப நாய்தான் சீனியர் போன் ஜூனியர்

கார்த்தி: கோல்டன் வந்தது ஸ்காட்லாந்துல. 1868ல ட்வீட்மவுத் பிரபு எஸ்டேட்ல நூஸ்னு ஒரு மஞ்ச நாயையும் பெல்னு ஒரு ஸ்பானியலையும் சேர்த்ததுல ஆரம்பிச்ச வம்சம். சுட்ட பறவைய பல்லு பதியாம தூக்கிட்டு வரணும். நம்ம ஜிஞ்சரும் அத்தை செருப்ப பல்லு பதியாமத்தான தூக்குச்சு

செல்வி அத்தை: தூக்குச்சு சரி, திருப்பி எங்கடா குடுத்துச்சு, ஒத்தச் செருப்போட பஸ் ஏறுனேன்

பெரியப்பா: தாலுகா ஆபீஸ்ல புதையல் பைல் பாத்திருக்கேன், 1878 சட்டம், ட்ரெஷர் ட்ரோவ் ஆக்ட். அந்த ட்ரோவும் இதே ட்ரூவேதான், கண்டெடுத்த பொக்கிஷம்னு அர்த்தம். 10 ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும்

திவ்யா: பத்து ரூபாயா 😳

பெரியப்பா: 1878 பத்து ரூபாம்மா, சட்டத்துல மாத்தாம விட்டுட்டாங்க

கார்த்தி: அத்தை கூகுள் போட்டோஸ் தொறங்க, ட்ராஷ்னு குப்பைத்தொட்டி படம் இருக்கும், பேக்கப் ஆயிருந்தா 60 நாள் அங்கதான் கெடக்கும், எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ரீஸ்டோர் அமுக்குங்க

செல்வி அத்தை: வந்துருச்சு வந்துருச்சு!! 🙏🙏 212 போட்டோ, அம்மா தாலி வாங்கிக்கிட்டு வெக்கப்பட்டது கூட இருக்கு

செல்வி அத்தை: டேய் இதுல பந்தியில நான் வாயத் தொறந்துக்கிட்டு ஒண்ணு இருக்கு, அத மட்டும் திரும்ப வராத மாதிரி அழிக்கிறது எப்படி