முன்பிணை மனுவும் சீட்டுக் கொப்பியும்

அத்தை (கொட்டகலை), மாலை 6.12
அண்ணா, என் மகன் நடத்திய சீட்டில் பணம் கட்டிய 3 பேர், அவன் மோசடி செய்துவிட்டதாகப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கப்பம் கேட்டு மிரட்டினான் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவன் கொழும்பில் கடையில் நிற்பதால், கைதாகும் முன்பே கேட்கிற முன்பிணையை அங்கேயே எடுத்துவிடலாமா?

பெரியப்பா (ஹட்டன்), 6.31
முடியாது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு அதிகாரமுள்ள நீதவானிடம்தான் போக வேண்டும் என்று 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு சொல்கிறது; அந்தப் பகுதிப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். ஒளிந்திருந்து ஓசையில்லாமல் எடுக்கிற பிணை அல்ல இது. பிணையில் விட முடியாத குற்றத்துக்குக் கைதாகலாம் என்ற நிலை இருந்தால் மட்டுமே மனு செல்லும் என்பதால், பொலிஸார் எந்தப் பிரிவுகளைப் போட்டிருக்கிறார்கள் என்று சட்டத்தரணி முதலில் பார்க்கட்டும்.

மச்சான் (கொழும்பு), 6.40
மாமா, நான் யாரையும் மிரட்டவில்லை. அவர் 4 மாதமாகத் தவணை கட்டாததால், காசைத் தராவிட்டால் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது என்று ஒரு குரல் பதிவு மட்டும் அனுப்பினேன், பிறகு அழித்துவிட்டேன்.

பெரியப்பா, 6.52
நீ அழித்தாலும் அவர் அதை எடுத்து வைத்திருப்பார். பயமுறுத்திப் பணம் பறிப்பதைத்தான் சட்டம் கப்பம் என்கிறது. அது உனக்கு வரவேண்டிய பணம் என்பதைச் சட்டத்தரணி வாதாடட்டும். ஆனால் மனுவோடு கொடுக்கும் சத்தியக் கடதாசியில் அந்தப் பதிவை மறைத்து, முறைப்பாட்டாளர் அதை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினால், அதற்குப் பிறகு நீ சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள். 30 வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் முதலியாராக நின்று இதைப் பார்த்தவன் நான்.

அத்தை, 6.58
நேற்று நான் அவர்களுடைய லயத்து வீடுகளுக்குப் போய், முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி அழுதுவிட்டு வந்தேன், அண்ணா.

பெரியப்பா, 7.03
இனிப் போகாதே, தங்கச்சி. சாட்சிகளில் தலையிடுவார்கள் என்று கருதினால் பிணையை மறுக்க 14 ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று அதே சட்டம் சொல்வதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அக்கா (நுவரெலியா), 7.10
முன்பிணை கிடைத்தால் வழக்கு முடிந்துவிடுமா, பெரியப்பா?

பெரியப்பா, 7.14
இல்லை, மகள். கைது செய்தால் பிணையில் விடும்படியான கட்டளை மட்டும்தான் அது, விசாரணை நடக்கும். சட்டத்தரணிக்குக் காசு போதாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்போம்.

மச்சான், 7.21
சீட்டுக் கொப்பி என்னிடம் இருக்கிறது, மாமா. ஏப்ரல் பக்கத்தில் மட்டும் மழைத்தண்ணீர் பட்டு இரண்டு பெயர்கள் கலைந்துவிட்டன.

பெரியப்பா, 7.23
கலைந்த இடத்தில் திரும்ப எழுதாதே. அப்படியே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, இன்றிரவு பஸ்ஸில் ஏறு.