5 வோல்ட் எல்இடி பலகை, 12 வோல்ட் பேட்டரி: வெள்ளை எழுத்து வந்தால் அணைந்துவிடுகிறது

பெசன்ட் நகரில் எங்கள் பஜ்ஜி வண்டிக்குப் போன மாதம் நான்கு பி10 (புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் இடைவெளி) வண்ண எல்இடி பலகைகள் மாட்டினோம். முழு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் 4 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி 12 வோல்ட், 65 ஏஎச் (ஆம்பியர்-மணி). சிவப்பு எழுத்து அழகாக ஓடுகிறது. வெள்ளை வந்ததும் நிறம் சிவப்பாக மாறி, எழுத்தை ஓட்டும் கன்ட்ரோலர் அணைந்து மறுபடி தொடங்குகிறது.

ரிச்சி தெருவில் வாங்கிய எக்ஸ்எல்4015 பக் மாட்யூல்கள் (12 வோல்ட்டை 5 ஆகக் குறைப்பவை) இரண்டை இணையாகப் போட்டேன். ஒன்று கொதித்தது, மற்றது சும்மா இருந்தது. பிறகு ஒரே 20 ஆம்பியர் பக் மாட்யூலுக்கு மாறினேன்; அதன் முனையில் 5.1 வோல்ட் அசையாமல் நிற்கிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி, பலகையில் 4.3தான். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மாறியும் கடைசிப் பலகையில் 4.5ஐத் தாண்டவில்லை. பெரிய கெப்பாசிட்டரும் பயனில்லை.

இந்த 20 ஆம்பியர் மாட்யூலையே பலகைக்குப் பின்னால் வைப்பதா, பலகைக்கு ஒன்றாகத் தனித்தனி மாட்யூலா: கடற்கரை உப்புக் காற்றுக்கு எது தாங்கும்?