நவம்பர் கோதுமையும் டிசம்பர் கோதுமையும்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வயல்வரப்பு:

வணக்கம் நண்பர்களே. ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோதுமையின் பட்டம் அதைவிடக் கறாரானது. பஞ்சாபின் லூதியானாவில் வேளாண்மை முதுகலை படித்த காலத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். வட இந்தியாவிலோ வேறு நாட்டிலோ கோதுமை வயலோடு பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

அங்கே சோதனை வயலில் ஒரே ரகத்தை அக்டோபர் கடைசியில் ஒரு பாத்தி, நவம்பர் நடுவில் ஒரு பாத்தி, டிசம்பர் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று விதைத்திருந்தார்கள். மண், உரம், தண்ணீர் எல்லாம் ஒன்றுதான், தேதி மட்டும் வேறு. நவம்பர் பாத்தியில் ஒரு வாரத்துக்குள் முளை தெரிந்துவிட்டது. டிசம்பர் கடைசியில் போட்ட விதை குளிர்ந்த மண்ணுக்குள் இரண்டு வாரம் வரை கிடந்தது. முளைத்த பிறகும் பக்கத் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) சரியாகக் கட்டவில்லை. நவம்பர் பயிர் ஜனவரிப் பனியில் நின்று நிதானமாகத் தூர் வெடித்துக்கொண்டிருந்தபோது, பிந்திய பயிர் ஒற்றைத் தண்டாக ஊசி ஊசியாக நின்றது.

பிப்ரவரி முடியும்போது நடப்பதுதான் முக்கியம். வெயில் ஏற ஏற பிந்திய பயிர் ஓடத் தொடங்கிவிடும். விதைப்பில் ஒரு மாத இடைவெளி இருந்த இரண்டு பாத்திகளை அறுவடையின்போது பார்த்தால், அந்த இடைவெளி பத்துப் பன்னிரண்டு நாளாகச் சுருங்கியிருக்கும். கோதுமை நாட்களை எண்ணி வளர்வதில்லை, வாங்கிய வெப்பத்தைக் கணக்கு வைத்து வளர்கிறது. அதனால் பிந்தி விதைத்தால் பிந்தி அறுக்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. வாழ்நாள்தான் குறையும்.

குறைகிற அந்த நாட்களில் பெரும்பகுதி மணி பால் பிடிக்கிற நாட்கள். அந்தச் சமயத்தில் சராசரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் மணி நிதானமாக நிரம்பும். பகல் வெப்பம் 32, 35 என்று போனால் இலை சீக்கிரம் பழுத்து, மாவு சேர்வது பாதியில் நின்றுவிடும். நல்ல பாத்தியில் ஆயிரம் மணி 40 கிராம் எடை வந்தால், கடைசிப் பாத்தியில் 30 கிராமை ஒட்டி நின்றது. கையில் எடுத்தாலே தெரியும், முதுகு சுருங்கிய மணி.

பஞ்சாப், ஹரியானா பக்கம் பொதுவாகச் சொல்கிற கணக்கு இது: நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் ஏறக்குறைய 1 சதவீத விளைச்சல் போகும். ஹெக்டேருக்கு 5 டன் எடுக்கிற ஊரில் அது நாளுக்கு 50 கிலோ. ஒரு மூட்டை கோதுமை! பத்து நாள் தாமதத்துக்கு என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

அப்படியானால் முன்னாலேயே விதைத்துவிடலாமே என்று கேட்கலாம். அக்டோபர் நடுவில் மண் இன்னும் சூடாக இருக்கும். சாதாரண ரகத்தை அப்போது போட்டால் தூர் கட்டாமல் அவசரமாகத் தண்டு விட்டு, ஜனவரி உறைபனியில் கதிரை நீட்டிக்கொண்டு நிற்கும். கரையான் தொல்லையும் உண்டு. அதனால் அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரைதான் அங்கே பொன்னான காலம். அதிலும் முன்பாதியில் போட்டவருக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. அந்தப் பக்கம் குல்லி டண்டா என்று ஒரு களை. பார்ப்பதற்குக் கோதுமை மாதிரியே இருக்கும், பல களைக்கொல்லிகளுக்கு இப்போது அசைவதில்லை. அது குளிர் நன்றாக இறங்கிய பிறகுதான் அதிகமாக முளைக்கும். சற்று முந்திப் போட்ட கோதுமை அதற்குள் தலைதூக்கி நிழல் கட்டிவிடும்.

நான் இங்கே அழுத்திச் சொல்ல வருவது வேறொன்று. கோதுமை விதைக்கும் தேதியை விவசாயி நவம்பரில் முடிவு செய்வதில்லை. அது ஜூன் மாதமே, அதே வயலில் நெல் நடும்போதே முடிவாகிவிடுகிறது. பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் 2009-ல் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்று அப்போது அது சொன்னது. கோடை வெயிலில் நட்டால் தண்ணீர் ஆவியாகவே போய்விடும் என்பதால், அந்தச் சட்டத்தின் நோக்கம் சரியானதுதான். ஆனால் நடவு தள்ளியதும் நெல் அறுப்பும் தள்ளியது. அதிலும் பூசா 44 போன்ற நெல் ரகம் விதையிலிருந்து அறுப்பு வரை 155, 160 நாள் எடுக்கும். அதைப் போட்டவர் அக்டோபர் கடைசியில் அறுத்துவிட்டு நிமிர்ந்தால், கோதுமைக்கு இரண்டு மூன்று வாரம்கூட இருக்காது. வயல் நிறைய வைக்கோல் கிடக்கும், அகற்ற நேரமில்லாமல் தீ வைப்பார்கள். டெல்லியை மூடுகிற புகையின் பின்னால் இந்த நாள்காட்டி நெருக்கடியும் இருக்கிறது. தீ வைக்கிற விவசாயியைத் திட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஹேப்பி சீடர் என்ற கருவியை அங்கே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வைக்கோலை வெட்டி விலக்கி அதற்கு நடுவிலேயே கோதுமையை மண்ணில் இறக்கும். உழவு வேண்டாம். நெல் வயலில் மிச்சமிருக்கிற ஈரமே முளைப்புக்குப் போதும். இல்லாவிட்டால் விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர் விட்டு (ரௌணி என்பார்கள்), மண் பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். களிமண்ணில் அதற்கே ஒரு வாரம், பத்து நாள் போய்விடும். அத்தனை நாளும் அப்படியே மிச்சம்.

கிளைமேலாளர்:

வயல்வரப்பு அண்ணா, ஜூனில் முடிவாகிறது என்று சொன்னீர்களே, பீகாரில் அது இன்னும் கொடுமை. வங்கிப் பணியில் சமஸ்திபூர் பக்கம் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். கிசான் கடன் அட்டை வேலைக்காக ஊர் ஊராகப் போவேன். டிசம்பர் மூன்றாவது வாரத்திலும் ஒரு பக்கம் நெல் அறுத்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்து வயலில் கோதுமை விதைப்பு நடக்கும். சில தாழ்வான நிலங்களில் ஜனவரியிலும் விதைத்தார்கள். தண்ணீர் வடிந்தால்தானே டிராக்டர் இறங்கும்!

அங்கே தேதியைத் தள்ளுவது சட்டம் இல்லை, மழை. நாற்றங்காலுக்கு டீசல் பம்பு ஓட்டித் தண்ணீர் பாய்ச்சக் கைக்காசு போகும் என்று மழைக்குக் காத்திருப்பார்கள். மழை பிந்தினால் நடவு ஆகஸ்டுக்குப் போகும். போடுவதோ நாட்டி மன்சூரி நெல். நம் பக்கத்து ஆந்திராவில் உருவான எம்டியு 7029, ஸ்வர்ணா என்று சொல்கிற அதே நீண்ட நாள் ரகம்தான். நன்றாக விளையும், சோறும் பிடிக்கும், அதனால் விட மாட்டார்கள். ஆனால் 145, 150 நாளுக்குக் குறைந்து வயலை விடாது.

தீபாவளிக்குப் பின் வருகிற சட் பூஜைக்குப் பஞ்சாபிலும் டெல்லியிலும் வேலை செய்கிற பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். பூஜை முடிந்த கையோடு விதைப்பு என்பது பல வீடுகளில் வழக்கம். அதே சமயத்தில்தான் டிஏபி உர மூட்டைக்கு வரிசை நிற்கும். ஒரு தடவை எங்கள் கிளை வாடிக்கையாளர் ஒருவர் நிலம் தயார், விதை தயார் என்று உட்கார்ந்திருக்க, உரக்கடையில் சரக்கு வரவில்லை. நல்ல நவம்பர் ஈரம் கண்முன்னே காய்ந்தது. அவருக்குக் கடன் சரியான நேரத்தில் கிடைத்தும் பயனில்லாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். அதன் பிறகு கோதுமைக்கான கடன் புதுப்பிப்பை அக்டோபருக்குள் முடித்துவிட வேண்டும் என்று கிளையில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அங்கே கடனும் ஒரு விதைப்புக் கருவிதான்.

மார்ச்சில் பச்சுவா என்கிற மேற்குக் காற்று அடிக்கும். சூடாக, வறட்சியாக வரும். டிசம்பர் கடைசியில் போட்டவர்களின் வயல் அந்தக் காற்றில் சில நாளிலேயே வெளுத்துவிடும். காற்றுக்குப் பயந்து கடைசித் தண்ணீர் விடாமல் இருப்பவர்களும் உண்டு, ஈர மண்ணில் பயிர் சாய்ந்துவிடுமே. பஞ்சாபில் ஹெக்டேருக்கு 5 டன்னை ஒட்டி எடுக்கிறார்கள், பீகாரில் சராசரி 3 டன்னை ஒட்டித்தான். சோம்பேறித்தனம், பழைய முறை என்று வெளியே பேசுவார்கள். நான் பார்த்தவரை உழைப்பில் ஒரு குறையும் இல்லை. விதைக்கிற தேதி அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். அதே ஊரில் உழாமலே விதைக்கிற ஜீரோ டில் மெஷின் வாடகைக்குக் கிடைத்து நவம்பர் 20-க்குள் விதைத்தவர்களின் வயலை வரப்பில் நின்றே அடையாளம் சொல்லிவிடலாம்.

தென்றல்:

அருமையான பதிவுகள். ஒரு சந்தேகம் அண்ணா. பிந்திவிட்டால் ஒன்றுமே செய்ய முடியாதா? உரத்தைக் கூட்டிப் போட்டால் ஈடு கட்டாதா?

வயல்வரப்பு:

உரம் ஈடு கட்டாது தம்பி. தழைச்சத்தைக் கூட்டினால் பயிர் இன்னும் பிந்தும், வெயிலில் இன்னும் மாட்டும். அங்கே செய்வது இதுதான்: தூர் குறையும் என்பதால் விதையைக் கூட்டுவார்கள். ஹெக்டேருக்கு 100 கிலோ போடுகிற இடத்தில் 125 கிலோ. வரிசைக்கு வரிசை இடைவெளியைக் குறைப்பார்கள். ரகத்தையும் மாற்றியாக வேண்டும். பிபிடபிள்யூ 752 மாதிரி பிந்திய விதைப்புக்கென்றே வந்த ரகங்கள் உண்டு. நவம்பர் தொடக்கத்துக்கான ரகத்தைப் பை திறந்தாயிற்றே என்று டிசம்பரில் போடுவதுதான் பெரிய நஷ்டம். முந்திய விதைப்புக்குத் தனி ரகங்கள் வந்திருக்கின்றன. ஹரியானாவின் கர்னாலில் உருவான டிபிடபிள்யூ 187 (கரண் வந்தனா), டிபிடபிள்யூ 303 (கரண் வைஷ்ணவி) இரண்டையும் அக்டோபர் கடைசியிலேயே போடலாம். அவை தூரும் உயரமும் அதிகமாக வரும், அதனால் உரமும் கூடுதல், சாயாமல் இருக்க உயரத்தை அடக்கும் வளர்ச்சி ஒழுங்கியும் தெளிக்கச் சொல்வார்கள்.

2022-ஐ இங்கே சொல்லியாக வேண்டும். அந்த மார்ச், 1901-லிருந்து உள்ள பதிவுகளிலேயே இந்தியாவுக்கு மிகச் சூடான மார்ச். சரியான தேதியில் விதைத்தவர்களுக்கும் அடி விழுந்தது. ஆனால் முந்தி விதைத்த வயலில் மணி பெரும்பாலும் நிரம்பியிருந்தது, பிந்திய வயலில்தான் பால் பருவத்தில் வெயில் பிடித்தது. மண்டிக்கு (கொள்முதல் சந்தைக்கு) வந்த கோதுமையில் சுருங்கிய மணி அவ்வளவு அதிகம். 6 சதவீதம் வரை மட்டும் வாங்கலாம் என்றிருந்த கொள்முதல் விதியை 18 சதவீதம் வரை வாங்கலாம் என்று பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் மத்திய அரசு தளர்த்தியது. அந்த ஆண்டு மே மாதம் 13-ம் தேதி கோதுமை ஏற்றுமதிக்கும் தடை வந்தது. உக்ரைன் போரால் உலகமே கோதுமை தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

மேற்குக்கரை:

பெர்த்திலிருந்து எழுதுகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் மண் பரிசோதனை வேலை செய்கிறேன், மெர்ரெடின் பக்கம் அடிக்கடி போவேன். இங்கே நெல்லும் இல்லை, பாசனமும் இல்லை, மழைதான். பருவமும் தலைகீழ்: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை விதைப்பு, நவம்பர், டிசம்பரில் அறுப்பு. ஏப்ரல் 25, போர்வீரர் நினைவு நாளான அன்சாக் தினத்தை விதைப்புத் தொடக்கத்துக்கு அடையாளமாகச் சொல்வார்கள்.

இங்கே விவசாயி பின்னாலிருந்து எண்ணுகிறார். எந்த வாரத்தில் பூக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கு எந்த ரகத்தை எந்த நாளில் போட வேண்டும் என்று கணக்கிடுகிறார். ரொம்ப முந்திப் பூத்தால் உறைபனி, ரொம்பப் பிந்தினால் வெயிலும் வறட்சியும். நடுவில் இருக்கிற சன்னல் சிறியது. 2016 செப்டம்பரில் பனி அடித்த வயல்களை நான் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் செழிப்பான பச்சை. கதிரைப் பிரித்தால் உள்ளே மணி கட்டவே இல்லை, மகரந்தம் செத்துவிட்டது. அந்த ஆண்டு மழை நன்றாக இருந்ததால் இழப்பு இன்னும் வலித்தது. முந்தி விதைத்த வயல்களே அதிகம் மாட்டின. ஆக, எல்லா ஊரிலும் "முந்து" என்பது சரியான அறிவுரை இல்லை. இங்கே பலர் ஒரே பண்ணையில் வெவ்வேறு ரகத்தை வெவ்வேறு தேதியில் போடுகிறார்கள், ஒரே இரவுப் பனியில் மொத்தமும் போய்விடக் கூடாது என்று.

குன்னூர்க்காரன்:

நம் ஊர்த் தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. சமவெளியில் வெயில் கொளுத்துகிற மாதங்களிலும் இங்கே கோதுமை வளரும். அதனால் வடக்கே ஏப்ரலில் அறுத்த கலப்பு விதைகளை இங்கே கொண்டுவந்து விதைத்து, ஒரே வருஷத்தில் இன்னொரு தலைமுறை எடுத்துவிடுகிறார்கள். வயல்வரப்பு சொன்ன மாதிரி ரகங்கள் உருவாகும் வேலையில் இந்த மலைக்கும் பங்கு உண்டு. ஊட்டி போகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

கிளைமேலாளர்:

மேற்குக்கரை சொன்ன பின்னாலிருந்து எண்ணும் முறை பீகாருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். மார்ச் பச்சுவாவிலிருந்து பின்னால் எண்ணினால் நவம்பர் 20. அங்கிருந்து எண்ணினால் நெல் நவம்பர் முதல் வாரத்தில் வெளியேற வேண்டும். அப்படியானால் நீண்ட நாள் ரகத்துக்கு ஜூன் தொடக்கத்திலேயே நாற்றங்கால், இல்லாவிட்டால் நாள் குறைந்த நெல். நான் இருந்த பகுதியில் சில கிராமங்களில் பம்பு வைத்திருப்பவர் நிலத்தில் பொது நாற்றங்கால் போட்டு, டீசல் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். தனியாகச் செய்ய முடியாத சிறு விவசாயிக்கு அதுதான் வழி. அந்த நாற்றங்கால் செலவு நெல் கணக்கில்தான் எழுதப்படும். லாபம் வருவதோ கோதுமையில். கடன் கொடுக்கிற இடத்திலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் செலவுக்குப் பணம் ஜூனிலேயே கிடைக்கும்.

வயல்வரப்பு:

சரியாகச் சொன்னீர்கள். பஞ்சாபிலும் அதே பக்கம்தான் நகர்கிறார்கள். பூசா 44-ஐ நிறுத்தும் முடிவை 2023-ல் மாநில அரசு அறிவித்தது. அதற்குப் பதில் பிஆர் 126 என்ற நெல் ரகம் பரவுகிறது, விதையிலிருந்து ஏறக்குறைய 125 நாளில் அறுப்பு. ஒரு மாதம் மிச்சம், தண்ணீரும் மிச்சம், வைக்கோலும் குறைவு. அரவையில் முழு அரிசி குறைகிறது என்று ஆலைக்காரர்கள் சொல்வதால் அதை விற்கும்போது விலையில் இழுபறி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் சோயா அறுத்துவிட்டு கோதுமை போடுகிறவர்களுக்கு இந்த நெல் நெருக்கடி இல்லை. செஹோர், விதிஷா பக்கம் ஷர்பதி கோதுமை போடும் வயல்களைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்து எழுதுங்கள்.